நான் வெட்டிய செப்பேடு

காசிமேட்டில் இன்று சர்க்கார் கருங்கல் கொட்டி வைத்திருக்கும் மணலைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். ஏனென்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய லட்சணத்திலா செய்தேன்?

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்துக் கிடங்கு ஒன்றில் நான் குமாஸ்தா. ஓய்ந்த வேளையில் சரித்திர நாவல் ஒன்று எழுதி அச்சிட்டேன். கடலில் விழுந்த ராஜகுமாரியைக் கட்டுமரக்காரர்கள் காப்பாற்றுகிறார்கள். மகிழ்ந்துபோன ராஜா காசிமேட்டு மணல் முழுவதையும் அவர்கள் சந்ததிக்கே எழுதி, செப்பேடு வெட்டிக் கொடுக்கிறார். ராஜாவும் என் கற்பனை, செப்பேடும் என் கற்பனை. ஆனால் முன்னுரையில், செப்பேட்டை நேரில் பார்த்தே எழுதியதாகப் பீற்றிக்கொண்டேன். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் எழுதினோம். வெறும் கதை என்றால் படிக்கிறவர் முகம் சுளிப்பார். செப்பேட்டின் வாசகத்தைக்கூடப் பழைய நடையில் ஒரு பக்கம் அச்சிட்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

துறைமுக வேலைக்காக சர்க்கார் அந்த மணலைக் கேட்டது. பாத்தியதை இருந்தால் காட்டச் சொல்லி மீனவர் குப்பத்துக்கு நோட்டீஸ் வந்தது. குப்பத்துத் தலைவர் நாலைந்து பேரோடு என் வீட்டுக்கு வந்தார். கையில் என் புத்தகம். யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"நைனா, இந்தப் பட்டயம் மெய்யாலுமே கீதா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் மனைவிகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. "இருக்கிறது" என்றேன்.

தலைவர் மடியிலிருந்து ஒரு காகிதத்தையும் எடுத்தார். எந்தக் காலத்திலோ ஒரு துரை, இவர்கள் அந்த மணலில் வலை உலர்த்தலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. அவர்களிடம் இருந்த ஒரே நிஜம் அதுதான். எனக்கோ அது அற்பமாகப் பட்டது. "ராஜா கொடுத்த பட்டயம் இருக்கும்போது இந்தத் துண்டுச் சீட்டு எதற்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, செப்பேட்டை வைத்தே மனு எழுதினேன். பாவி, நன்றாகவும் எழுதினேன்.

விசாரணையன்று கடைசியில் போய் நின்றுகொண்டேன். விசாரித்த வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியும். செப்பேடு எங்கே என்று கேட்டார். அங்கிருந்த குமாஸ்தா என் நாவலைப் படித்தவர் போலிருக்கிறது. துரையின் காதில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

"இந்த மனுவை எழுதியது யார்?"

நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். தலைவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாங்கதான் தொரை."

கைநாட்டு வைத்த மனுஷன் சொன்னார். பத்து நாளைக்குள் செப்பேடு வராவிட்டால் மணலைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவானது.

வெளியே வந்ததும் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் கோபமே இல்லை.

"பட்டயம் எந்த ஊர்ல கீது, சொல்லு நைனா. நடந்தே போயாவது எட்த்தாந்துடறோம்."

அப்போதாவது உண்மையைச் சொல்லி, அந்தத் துரையின் காகிதத்தோடு அவரை உள்ளே திருப்பி அனுப்பியிருக்கலாம். என் மானம் போய்விடுமே என்று பயந்தேன். ஓலைச்சுவடி எங்கே என்று கேட்டால் எங்கள் எழுத்தாளர் கூட்டம் சொல்லிப் பழகிய பொய் அவசரத்தில் வாயில் வந்துவிட்டது.

"தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இருந்தது. போன வருஷம் கரையான் அரித்துவிட்டதாம்."

அவர் என் கையை விட்டுவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

"செம்பக் கூடவா நைனா கரையான் துன்னும்?"