கத்தரிப்பூவா, கத்தரிக்காயா?

பட்டறையில் எல்லோரும் அவளைச் 'சொட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். கார் பெயிண்ட் கலப்பது அவள் வேலை. தராசின் மேல் டப்பாவை வைத்து, வெள்ளையில் ஒரு சொட்டுக் கறுப்பு, அதில் அரைச் சொட்டு நீலம் என்று விட்டுக்கொண்டே, "இன்னும் ஒரு சொட்டு, ஒரே சொட்டு" என்று முணுமுணுப்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது. வேதியியலில் பட்டம் வாங்கியவள். அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அம்மா சொந்தக்காரர்களிடம், "பொண்ணு லேப்ல வேலை பாக்குறா" என்று சொல்லி வைத்திருந்தாள். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. கலவை அறையில் தராசு இருந்தது, கண்ணாடிக் கதவு இருந்தது, அவளுக்கு ஒரு வெள்ளைக் கோட்டும் இருந்தது. அந்தக் கோட்டில் முப்பது கார்களின் நிறம் அப்பிக் கிடந்ததை மட்டும் அம்மா சொல்வதில்லை.

முதல் இரண்டு வருடம் முதலாளி அவளை ரசீது போடும் மேஜையில்தான் உட்கார வைத்திருந்தார். கெஞ்சிக் கூத்தாடி, ஆறு மாதத்துக்கு முன்புதான் கலவை அறை கிடைத்தது. "பாரும்மா, ஒரு வண்டி கலர் சேரலைன்னு திரும்பி வந்தாலும் மறுபடி மேஜைதான்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். ஆறு மாதத்தில் ஒன்றும் திரும்பவில்லை.

அப்போதுதான் பல் டாக்டரின் வண்டி வந்தது.

தாழ்ந்து அகன்ற ஜப்பான் வண்டி. தன் ஆஸ்பத்திரி கேட் தூணிலேயே முன்பக்க இடது மட்கார்டை உரசியிருந்தார் டாக்டர். "உலகத்துல மொத்தமே முந்நூறுதாங்க செஞ்சான். இது நூத்திப் பதினாலாவது" என்று இறங்கும்போதே சொன்னார், பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வந்த தகப்பன் மாதிரி.

"நம்பர் போட்ட தகடு கியருக்குப் பக்கத்துல இருக்கும்" என்றாள் சொட்டு.

முதலாளி திரும்பிப் பார்த்தார். "உனக்கெப்படித் தெரியும்?"

"ஓட்டியிருக்கேன்."

"எங்க?"

"டிவில."

பட்டறையே சிரித்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை. அவள் பள்ளியில் படித்த காலத்தில், வீட்டைக் காலி செய்துபோன பக்கத்து வீட்டுக்காரர் அவள் தம்பியிடம் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒரே ஒரு கார் பந்தயம். எல்லாப் பந்தயமும் ஜெயித்தால் கடைசிப் பரிசு இந்த வண்டி. இரண்டு ரிமோட்டில் ஒன்றில் இடதுபக்கப் பொத்தான் வேலை செய்யாது. அது யார் கையில் சிக்குகிறதோ அவர்கள் இடது பக்கம் போக வலது பக்கமாகவே ஒரு வட்டம் அடிக்க வேண்டும். ஒரு வருட விடுமுறையெல்லாம் கரைத்துத்தான் வண்டியைப் பிடித்தார்கள். அதற்குக் 'கத்திரி' என்று பெயரும் வைத்தார்கள்.

அந்தக் கத்திரிக்கு ஒரு கோளாறு. நேர்ச்சாலையில் கத்தரிப்பூ நிறத்தில் போகும். வளைவிலோ குகைப் பாதையிலோ நுழைந்தால் கத்தரிக்காயாகக் கறுத்துவிடும். பழைய டிவி அல்லவா? சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள்: "தலையில ஒண்ணு போடுங்கடா!" தம்பி டிவி மண்டையில் தட்டுவான். வண்டி வளைவைத் தாண்டும், பூ நிறம் திரும்பும். தட்டினால் சரியாகிவிடும் என்று மூன்று பேருமே நம்பினார்கள்.

வண்டியின் அசல் நிறம் பூவா, காயா என்று அக்காவுக்கும் தம்பிக்கும் ஓயாத சண்டை. அவள் பூ என்பாள், அவன் காய் என்பான். அம்மாவின் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: "படிக்கிற புள்ள சொன்னா சரியாத்தான்டா இருக்கும்." பிறகு, இருவரில் ஒருவரைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடியும் என்று ஆனபோதும் அதே தீர்ப்புதான் வந்தது. தம்பி மறுபேச்சுப் பேசாமல் பார்சல் வேன் ஓட்டப் போனான். அவனிடம் நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமலே அவள் பட்டம் வாங்கிவிட்டாள்.

டாக்டர் வண்டியின் நிறத்துக்குக் கலவைக் குறிப்பு எந்தப் பட்டியலிலும் இல்லை. கண்ணால் பார்த்துத்தான் கலக்க வேண்டும். "எனக்கு இந்தக் கலர் மனப்பாடம் முதலாளி" என்றாள் சொட்டு. முன்னால் நின்று பார்த்தாள்: அச்சு அசல் கத்தரிப்பூ. பக்கவாட்டில் நின்றபோது கதவு கறுத்துத் தெரிந்தது. முன்பு எவனோ மட்டமாகப் பூசிக் கெடுத்திருக்கிறான், நாம் அசலையே வைப்போம் என்று நினைத்துக்கொண்டாள். உரசிய இடத்தைத் தேய்த்து, சாம்பல் அடிப்பூச்சு கொடுத்து, மேலே பூ நிறத்தை அடிக்க வைத்தாள்.

டாக்டர் வந்தார். முன்னால் நின்று சிரித்தார். பக்கவாட்டில் போய்க் குந்தினார். சிரிப்பு போய்விட்டது.

"இங்க வந்து பாருங்க. வரிசைப் பல்லுல ஒரு பால் பல்லு மாதிரி நிக்குது."

கதவு காயாகிவிட்டது. மட்கார்டு மட்டும் பூவாகவே நின்றது. முதலாளி வெள்ளிக்கிழமை வரை தவணை வாங்கினார். டாக்டர் போனதும் அவளிடம் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இன்னொரு தடவைம்மா. அதுவும் சேரலைன்னா மேஜைதான்."

சாப்பாட்டு நேரத்தில் வண்டியைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினாள். அடுத்த நிமிடமே அழைத்துவிட்டான்.

"அக்கா! நம்ம கத்திரியா அது?"

"நம்மளுதுதான். நான்தான் கெடுத்து வச்சிருக்கேன்." நடந்ததைச் சொன்னாள்.

"கதவு சரியாத்தானே இருக்கு? வளைவுல அப்படித்தானே மாறும்."

"அது டிவி கோளாறுடா."

மறுமுனையில் வேன் கதவு சாத்தும் சத்தம். "அக்கா, போன வருஷம் அந்த கேமை போன்ல போட்டு ஓட்டினேன். இப்ப டிவியும் இல்ல, தட்டவும் ஆளில்ல. குகைக்குள்ள போனா கறுக்குது, வெளிய வந்தா பூக்குது. பெயிண்டே அப்படி."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஒத்துக்குவியா? நீ படிச்சவளாச்சே!"

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவளால் சிரிக்க முடியவில்லை. சோப்புக் குமிழி சாய்த்துப் பார்த்தால் ஏன் நிறம் மாறுகிறது என்று பரீட்சையில் நாலு பக்கம் எழுதி, முழு மதிப்பெண் வாங்கியவள். கண்ணெதிரே ஒரு வண்டி அதையே செய்து காட்டியபோது, எவனோ கெடுத்துவிட்டான் என்றல்லவா சொன்னாள்?

கதவோரத்தில் கல் பட்டுப் பெயர்ந்த ஒரு புள்ளியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். மேலே பூ. அடியில் கன்னங்கரேலென்று கறுப்பு. மட்கார்டிலும் அந்தக் கறுப்பு இருந்திருக்கும்; பார்க்காமலே தேய்த்து எடுத்திருக்கிறாள். எப்போதோ ஒரு பைக் டேங்குக்கு வாங்கி மேல்தட்டில் கிடந்த, சாய்த்தால் நிறம் மாறும் தூள் டப்பாவை இறக்கினாள். கறுப்பு அடித்த அட்டைகளின் மேல் தூளைக் கூட்டியும் குறைத்தும் அடித்து, கதவோடு ஒட்டி வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஆறாவது அட்டை கதவோடு சேர்ந்து பூத்தது, கதவோடு சேர்ந்து கறுத்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் மூன்று சுற்று சுற்றினார். பல் பார்க்கும் சின்ன டார்ச்சை எடுத்து அடித்துக்கூடப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து, "இடிச்சது இடது பக்கமா, வலது பக்கமாம்மா?" என்றார்.

முதலாளி ரசீது மேஜையில் தானே போய் உட்கார்ந்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ரசீதை எழுத ஆரம்பித்தார்.

வண்டி கிளம்பும் நேரத்துக்குத் தம்பியின் பார்சல் வேன் வந்து நின்றது. அவள்தான் வரச் சொல்லியிருந்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான். கத்திரி வெயிலில் பூவாக இறங்கி, தெருமுனையில் திரும்பி, பாலத்து நிழலில் நுழைந்தது. கறுத்தது.

தம்பியின் வலது கை தானாக எழும்பி, பக்கத்தில் நின்ற வேனின் மண்டையில் ஒன்று போட்டது.

"தட்டாதடா" என்றாள் சொட்டு. "அது சரியாத்தான் இருக்கு."