மன்னார் வளைகுடாவுக்குப் போன வழி

எங்கள் ஊர்ச் சிற்றாறு தாமிரபரணியில் சேரும், தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் சேரும், அதைத் தாண்டினால் இலங்கை என்று ஐந்தாம் வகுப்பு டீச்சர் கரும்பலகையில் வரைந்து காட்டிய நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பா கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். மாதம் தவறாமல் வந்த கடிதம் சித்திரைக்குப் பிறகு வரவில்லை. கேட்டால் அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள். எங்களோடு இருந்த சித்தப்பா மட்டும், "வரும்ட்டி, வரும்" என்பார். அந்த ஆனியில் தென்காசிக்குக் காற்றுதான் முதலில் வந்தது, சாரல் வலுக்கவில்லை. கதவுகள் பகலெல்லாம் அடித்துக்கொண்டே இருந்தன. நானும் உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில், ஆறு வயதுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரையோடு கிழக்கே புறப்பட்டேன். ஆற்றோடு போனால் கடல் வந்துதானே ஆகவேண்டும்? அங்கே கப்பல்காரரிடம் அப்பா பெயரைச் சொன்னால் ஏற்றிக்கொள்ள மாட்டாரா?

வெயில் ஏறும்போது ஒரு தடுப்பணை வந்தது. அங்கே ஆறு இரண்டாகப் பிரிந்தது. டீச்சர் வரைந்த படத்தில் இது இல்லை. ஒன்று அகலம், ஆனால் பாறையும் மணலுமாகக் கிடந்தது. மற்றது குறுகல்; கரை ததும்ப ஓடியது. கடலுக்குப் போகிற தண்ணீர் அவசரமாகத்தான் போகும் என்று முடிவுகட்டி, ஓடியதன் பின்னாலேயே போனேன். உச்சிவேளையில் அது ஒரு பெரிய குளத்தில் விழுந்து நின்றுவிட்டது.

"இதா கடலு? கப்பல் எங்கக்கா?" என்று கேட்டுத் தம்பி அழத் தொடங்கினான்.

பக்கத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒருத்தி கரையேறி வந்தாள். "ஏட்டி, யாரு வீட்டுப் பிள்ளைய? இங்கன எங்க வந்திய?"

"கடலுக்குப் போறோம்."

"கடலுக்கா! இது வாய்க்கால்லா, கொளத்தோட சரி. ஆத்தை அங்கனயே விட்டுட்டு வந்திருக்கியே."

வயலே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் தன் தூக்குச்சட்டிக் கஞ்சியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, வீட்டு விவரம் கேட்டுத் தென்காசிக்கு ஆள் அனுப்பினாள்.

பொழுது சாயும் முன் சித்தப்பா சைக்கிளில் வந்தார். சட்டை முழுக்க வியர்வை. இறங்கிய வேகத்தில் என்னை அடிக்கக் கையை ஓங்கினார். "எங்கட்டி கெளம்பின, மூதி?"

"அப்பாகிட்ட."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

கொழும்பில் தனக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டதென்றும் இனி வரப்போவதில்லை என்றும் அப்பா இரண்டு மாதம் முன்பே சித்தப்பாவுக்கு எழுதியிருந்தார். அதை அவரும் அம்மாவும் எங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தது, எனக்குக் கல்யாணம் பேசும்போதுதான் தெரிந்தது.

அன்று சித்தப்பா ஓங்கிய கையை இறக்கினார். தம்பியை முன்கம்பியிலும் என்னைப் பின்னாலும் உட்காரவைத்து, தான் ஏறாமல், தென்காசி வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். டயரில் காற்று இல்லையோ என்று நான் இரண்டு தடவை குனிந்து பார்த்தேன். காற்று நன்றாகத்தான் இருந்தது.