சுவரும் ஆடியிருந்தது

என் கை ஆடியதால் கெட்டுப்போன ஒரு படத்துக்கு, நடுக்க நோய் வந்த ஒரு மனிதர்மேல் நான் பழி போட்டேன். தெரியாமல் சொன்னதல்ல. காரணம் எது என்று என் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் சொன்னேன். அவருடைய மனைவியும் மகளும் பக்கத்தில் இருக்க, லேசாகச் சிரித்துக்கொண்டும் சொன்னேன். அவர் இப்போது இல்லை.

நான் இருப்பது மாங்காட்டில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில். ஆவடியில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். குவிலென்சும் கதிர்ப்படமும் வருஷாவருஷம் கரும்பலகையில் வரைந்தேனே தவிர, ஒரு கேமராவைக் கையில் பிடித்ததில்லை. மனைவி காலமான பிறகு வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரிகளை ஒழித்துக்கொண்டிருந்தபோது, மகன் வெளிநாடு போகையில் விட்டுப்போன கேமரா கிடைத்தது. அப்படித்தான் ஆரம்பித்தது.

நான் பழி போட்ட அந்த மனிதரின் வீடு எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே. இந்த அடுக்குமாடிகள் நிற்கிற இடமெல்லாம் ஒரு காலத்தில் வயல். அதில் அவருடைய அப்பா கூலிக்கு நாற்று நட்டவர். இவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தார். அந்த மெஷினில் நின்ற ஆட்களில் விரல் போகாதவர்கள் குறைவு. இவர் முழுசாக வெளியே வந்தார். அதில் அவருக்குப் பெரிய பெருமை. என்னிடம் முதல்முதலாகப் பேசியபோதே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, "பத்தும் கீது சார், எண்ணிக்கோங்க" என்றார். அப்போதே அந்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. கை நடுங்கத் தொடங்கியதும் அந்த மெஷினுக்கு முன்னால் நிற்க விடமாட்டார்கள் என்பதால், காலம் முடிவதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் ஒரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வகுப்பு என்று சொன்னால் பெரிய வார்த்தை. ஐயப்பன்தாங்கலில் குடியிருந்த, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கேமரா பழக விரும்புகிறவர்களை ஏரிக்கரைக்கும் சந்தைக்கும் கூட்டிப்போவாள். அவ்வளவுதான். லென்சின் வாய் எவ்வளவு திறக்க வேண்டும், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், வெளிச்சத்தை கேமரா எவ்வளவு நுட்பமாக உணர வேண்டும் என்ற மூன்றையும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க வைப்பதுதான் படம் எடுப்பது என்பாள். நான் புத்தகத்தில் படித்ததைச் சொல்லி அவளைத் திருத்தப் பார்ப்பேன். அவள் சிரித்துக்கொண்டு, "அது சரி சார், நீங்க எடுத்ததக் காட்டுங்க" என்பாள்.

அவள் சொன்ன இரண்டு விஷயங்களை மட்டும் இங்கே எழுத வேண்டும். ஒன்று, லென்சுக்கு மூடி போடுவதற்கு முன்னால், ஷட்டர் நேரத்தை வைக்கிற டயலைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும். அடுத்து யார் முகம் முன்னால் வந்து நிற்கும் என்று நமக்குத் தெரியாது. இன்னொன்று, படம் கலங்கியிருந்தால் முதலில் ஆளைப் பார்க்கக் கூடாது, ஆளுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்க வேண்டும். சுவர் தெளிவாக இருந்து ஆள் மட்டும் கலங்கியிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். சுவரும் சேர்ந்து கலங்கியிருந்தால், "அசைஞ்சது நீங்க சார்."

அந்த ஞாயிற்றுக்கிழமை செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போயிருந்தோம். வழிகிற தண்ணீரைப் பட்டுத்துணி போல விழ வைக்கும் வித்தை அன்றைய பாடம். கேமராவை முக்காலியில் பூட்டி, ஷட்டரை அரை விநாடி திறந்து வைத்தால் துளிகள் எல்லாம் இழைந்து வெண்புகை மாதிரி வரும். எனக்கு நன்றாக வந்தது. அந்தப் பெண்ணே பாராட்டினாள். அந்தக் கிறக்கத்தில் டயலைத் திருப்பாமல் மூடியைப் போட்டேன்.

கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே தெருவுக்குள் வந்தேன். பார்க்கட்டும் என்றுதான். எதிர்வீட்டு அம்மாள் வாசலில் குடம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தி, அவளையும் அவள் கணவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். வெள்ளம் வந்த வருஷம் அவர்களுடைய கல்யாண ஆல்பம் தண்ணீரில் ஊறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டது. அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்திருக்கும் படம் என்று வீட்டில் ஒன்றுகூட இல்லை. மனிதருக்கு நடுக்கம் கூடிக்கொண்டே வருகிறது, இப்போதே எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

அவர் முதலில் மாட்டேன் என்றார். மகள் உள்ளே போய் வெள்ளைச் சட்டை கொண்டுவந்து மாட்டிவிட்டாள். "நைனா, சார் பிசிக்ஸ் வாத்தியாரு. சூப்பரா எடுப்பாரு" என்று அவள் சொன்னது நினைவிருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடச் சொன்னேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் முகத்துக்கு ஆழம் வரும் என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். வாசலில் ஆட்டோக்காரர் ஒருவர் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

"யோவ், ஆடாம குந்துய்யா, சினிமாவுல நடிக்கவா கூப்ட்டாங்க" என்றாள் அம்மாள். அவர் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. "இப்ப ஓகேவா சார்?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

பொத்தானை அமுக்கினேன். ஷட்டர் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து மூடும் சத்தம் கேட்டது. அந்த இடைவெளியை நான் கவனித்தேன். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. ஆனாலும் நிறுத்தாமல் மேலும் சில படங்கள் எடுத்தேன்.

பிறகு திரையைப் பார்த்தேன். எல்லாம் சேற்றுத் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. பெரிதாக்கினேன். அம்மாளின் மூக்குத்தி ஒளி ஒரு புள்ளியாக இல்லாமல் சாய்ந்த சின்னக் கோடாக இழுபட்டிருந்தது. அவர் கண்ணில் இருந்த ஜன்னல் வெளிச்சமும் அதே சாய்வில், அதே நீளத்துக்கு ஒரு கோடு. பின்னால் காலண்டரின் எண்கள், ஜன்னல் கம்பி, சுவரில் ஆணி, எல்லாம் அதே பக்கம், அதே அளவு. டயல் ஏரிக்கரையில் வைத்த இடத்திலேயே இருந்தது. அரை விநாடி. முக்காலி இல்லாமல், என் கையில்.

டயலைத் திருப்பி இன்னொரு முறை எடுத்திருக்கலாம். அதற்கு ஆகிற நேரம் ஒரு தும்மலுக்கு ஆகிற நேரம். ஆனால் என் தப்பு என்று வாயால் சொல்ல வேண்டியிருந்திருக்கும். மகள் எட்டிப் பார்த்து, "இன்னா சார், இப்டி கீது?" என்று கேட்டுவிட்டாள். ஆட்டோக்காரரும் கழுத்தை நீட்டினார். நான் சொன்னேன்:

"அப்பாவுக்குக் கை ரொம்ப ஆடுதேம்மா. இதுல படம் நிக்காது. உடம்பு தேறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "ஒரு நொடி சும்மா குந்த முடியல உனுக்கு. ஒரே ஒரு நொடி."

அவர் மடியில் இருந்த கைகளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "மன்னிச்சிக்கோங்க சார், உங்க நேரத்த வீணாக்கிட்டேன்" என்றார். பரவாயில்லை என்றேன். ஆமாம், நான் அவரை மன்னித்தேன்.

அதன் பிறகு அவர் யார் கேமராவுக்கு முன்னாலும் உட்காரவில்லை. யாராவது போனை நீட்டினால், "நா ஆடிக்கினே இருப்பேன்பா, உன் போன் கெட்டுடும்" என்று சிரித்துக்கொண்டு எழுந்துவிடுவார். மகளின் கல்யாணம் பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மேடையில் குடும்பப் படத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். அவரை மட்டும் காணவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில், இலை போட்டுக்கொண்டிருந்த பையன்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "நா நின்னா படம் கெட்டுடும் சார். நீங்களே பாத்தீங்கல்ல" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற மாதிரி சொன்னார். அப்போது சொல்லியிருக்கலாம். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

அந்த ஆல்பத்தைப் பிறகு மகள் எனக்குக் காட்டினாள். தாரை வார்க்கும் படத்தில் மட்டும் அவர் இருக்கிறார். தப்பிக்க முடியாத இடம் அது. முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார், பாதிக் காதும் கன்னமும்தான் தெரிகிறது. ஆனால் நீட்டிய கை ஃபிளாஷ் வெளிச்சத்தில் துளி அசைவில்லாமல் பதிந்திருந்தது. விரல் நகங்களும், பழைய வெட்டுத் தழும்பும், வழிகிற நீரும், எல்லாம் தெளிவு. வேகம் சரியாக இருந்தால் நடுக்கம் படத்தில் விழாது. எனக்கு அது அன்றைக்கே தெரியும்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, குளியலறையில் விழுந்தார். மருத்துவமனையிலிருந்து திரும்பி வரவில்லை. தெரு முனையில் வைக்கிற பேனருக்குப் படம் தேடினார்கள். கிடைத்தது வேலை பார்த்த இடத்து அடையாள அட்டைதான். தபால்தலை அளவு முகத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியதில் கண்ணும் மூக்கும் கட்டம் கட்டமாக உடைந்துபோயிருந்தன. அந்தக் கட்டங்களுக்கு முன்னால்தான் மேளம் அடித்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் அம்மாள் என்னிடம் வந்து, "அன்னிக்கி எடுத்தீங்களே சார், அதுல ஒண்ணாவது கீதா?" என்று கேட்டாள். அப்போதே அழித்துவிட்டேன் என்றேன். பொய். எல்லாம் என் கம்ப்யூட்டரில் இருந்தன.

அதற்குப் பிறகு எனக்கு அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம், நடுவில் அந்த இடைவெளி. கேட் கொக்கியில் கேட்டது. லிஃப்ட் கதவில் கேட்டது. பட்டப்பகலில் மாங்காட்டுக் கோயில் வாசலில் யாரோ அர்ச்சனைத் தட்டைக் கீழே வைத்தபோது கேட்டது. வகுப்புக்குப் போவதை நிறுத்தவில்லை. பூவை எடுத்தேன், பாலத்தை எடுத்தேன். யாராவது ஒரு மனிதர் கேமராவின் கட்டத்துக்குள் வந்தால் விரல் அமுங்காது. அவர் இன்னும் உட்கார்ந்திருப்பது போலவும், மூச்சை அடக்கிக்கொண்டு நான் முடிப்பதற்காகக் காத்திருப்பது போலவும் இருக்கும். மதியங்களில் அந்தப் படத்தைத் திறந்து பார்ப்பேன். முகம் இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஜன்னல் கம்பி ஊடுருவித் தெரியும். இருக்கும்போதே அவரைப் போனவராக எடுத்து வைத்திருந்தேன்.

கடைசியில் குமணன்சாவடியில் ஒரு ஸ்டூடியோவில் அதைப் பிரிண்ட் போடக் கொடுத்தேன். "சார், இது ஷேக் ஆயிட்ச்சி, வேற குடுங்க" என்றான் கடைக்காரன். இதேதான் வேண்டும் என்றேன்.

ஒரு முற்பகலில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். படத்தைக் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மூக்குத்திக் கோட்டையும் கண்ணில் இருந்த கோட்டையும் விரல் வைத்துக் காட்டினேன். காலண்டரைக் காட்டினேன். சுவர் ஆடாது, அதனால் ஆடியது நான்தான் என்றேன். பாடம் நடத்துகிற குரலில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று பாதியில் உறைத்தது.

அவள் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, காலண்டர் எண்கள்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"தெரிஞ்சிகினேதான் சொன்னியா?"

அத்தனை வருஷத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல்முறை. தெரிந்துதான் சொன்னேன் என்றேன்.

"நா அவர எத்தினி தபா ஏசிகீறேன் தெரியுமா உனுக்கு? ஒரு போட்டோக்கு குந்த துப்பில்லன்னு. கீய விய்ந்த அன்னிக்கி காலைலகூட சொன்னேன்." கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே இருந்தாள், இலையையும் சேர்த்து. "அந்தாளும் தம்மேலதான் தப்புன்னு கேட்டுகினே பூட்டாரு. இப்ப இத எங்கைல குடுத்துட்டு நீ நிம்மதியா போலாம்னு வந்தியா?"

உண்மையில் அதற்காகத்தான் போயிருந்தேன். என்னுடையதை இறக்கி வைக்கப் போய், அதில் பாதியை அவள் தலையில் ஏற்றிவிட்டு வந்தேன். நான் போகாமல் இருந்திருந்தால், அவள் தன் புருஷனை நியாயமாகத்தான் திட்டினோம் என்று நினைத்துக்கொண்டே இருந்திருப்பாள். எது மேல் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

படத்தை அவள் திருப்பித் தரவில்லை. கொஞ்ச நாள் அந்த வாசல் கதவு சாத்தியே இருந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கதவு திறந்திருந்தது. டிவிக்கு மேலே, தெருவைப் பார்த்த சுவரில், அந்தப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அவர் பக்கம் மட்டும் ஒரு முழம் மல்லி. எங்கள் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் அது தெரியும்.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள், இது ஏன் இப்படிக் கலங்கியிருக்கிறது என்று. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்டார், சம்பந்தி வீட்டார் கேட்டார்கள். நான் தெருவில் நடந்துபோனாலும் அவள் குரலைத் தணிப்பதில்லை.

"எதுத்த ஊட்டு வாத்தியாரு கை ஆடிட்ச்சி. எங்க ஊட்டுக்காரு ஆடல. செல மாதிரி குந்திகினு கீறாரு, பாரு."

துல்லியமாகச் சொன்னால் அவர் கையும் கொஞ்சம் ஆடியது. அதை நான் திருத்தப் போவதில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை கேட் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பிறகுதான் உள்ளே போகிறேன்.