மயில் கேற் வீட்டின் விளம்பரம்

1. தெல்லிப்பழையில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தது.
2. எங்கள் முதலாளி கொழும்பிலிருக்கும் சமூக ஊடக ஆலோசகர் ஒருவரைப் பிடித்தார்.
3. வீட்டைப் பற்றி எழுதாதீர்கள், விற்கிறவரின் கதையை எழுதுங்கள் என்று ஆலோசகர் சொன்னார்.
4. நான் வேண்டாம் என்றேன்.
5. எழுதினார்கள்.
6. விற்கிறவரின் கணவருக்குத் தன் நோய் என்னவென்று கனடாவிலிருந்து தெரியவந்தது.

யாழ்ப்பாணத்தில் காணி, வீடு விற்றுக்கொடுக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. நான் படித்தது கணினி. படங்கள், வீடியோ, பேஸ்புக் பக்கம் எல்லாம் என் பொறுப்பு.

வீட்டுக்காரி பாடசாலையொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். அது அவருடைய சீதன வீடு. ஆனாலும் எங்கள் தேசவழமைச் சட்டப்படி, விற்பதற்குக் கணவரின் சம்மதக் கையொப்பம் வேண்டும்.

"மகளுக்குக் கிட்ட யாழ்ப்பாண ரவுனில போய் இருப்பம் எண்டுதான் அவருக்குச் சொல்லியிருக்கிறன், தம்பி," என்றார் முதலாளியிடம். "கான்சர் எண்டு ஆளுக்குத் தெரியாது. வயித்துப் புண் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். கொழும்பில கொண்டுபோய்க் காட்டத்தான் வீட்டை விக்கிறன். தெரிஞ்சால் மனுசன் அப்பிடியே படுத்திடும்."

"யோசியாதையுங்கோ அன்ரி. எங்கடை வாயிலயிருந்து ஒரு சொல்லு வெளியால போகாது."

வாயிலிருந்து போகவில்லை என்பது உண்மைதான்.

அந்த வாரமே ஆலோசகர் வீடியோ அழைப்பில் வந்தார். முதலாளி எல்லாவற்றையும் அவரிடம் ஒப்புவித்தார். ஆலோசகரின் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சிஸ்டர், மூணு பரப்புக் காணி, நாலு அறை, நல்ல தண்ணிக் கிணறுன்னு போட்டா யாரு நிப்பாட்டிப் பாப்பாங்க? கணவருக்காக வீட்டை விக்கிற மனைவி. அதைப் போடுங்க. மேல 'அவசரம்'னு போடுங்க."

எனக்குச் சில கேள்விகள் இருந்தன. இந்த முறையில் இதுவரை எத்தனை வீடுகள் விற்றிருக்கின்றன? பார்க்கிறவர்களில் வாங்கப்போகிறவர்கள் யார்? அவசரம் என்று கண்டால் எங்களூர்க்காரர் விலை இறங்கட்டும் என்று பேசாமல் இருந்துவிடுவார்களே? ஒவ்வொன்றாகக் கேட்டேன். பதிலுக்கு அவர் ஒரு வரைபடத்தைத் திரையில் காட்டினார். கோடு மேலே மேலே போனது. எத்தனைபேர் பார்த்தார்கள் என்பது அதில் இருந்தது. விற்ற வீடு ஒன்றுகூட இல்லை.

"அந்த ஐயாவுக்கே தெரியாத விசயம்," என்றேன்.

"பேரு போடமாட்டமே சிஸ்டர்."

"பேர் எதுக்கு? வாசல் கேற்றில மயில் இருக்குது. அதைப் பாத்தாலே ஆரின்ரை வீடு எண்டு தெரியும்."

"அப்ப கேற்றைக் கட்டாயம் போடவேணும். வடிவான கேற்," என்றார் முதலாளி. பிறகு திரையைப் பார்த்துச் சிரித்தார். "இவ உப்பிடித்தான். கலியாண வீட்டுக்குப் போனாலும் பந்தலில பிழை பாப்பா."

நான் எழுத மறுத்தேன். ஆலோசகரே எழுதி அனுப்பினார், முதலாளி கேற்றின் படத்தோடு தன் கைபேசியிலிருந்து போட்டார். "புற்றுநோயோடு போராடும் கணவருக்காக, பிறந்து வளர்ந்த வீட்டையே விற்கும் மனைவி. அவசரம்."

கண்ணீர் முகங்களும் கும்பிடும் கைகளும் வந்து குவிந்தன. பிறகு வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

"உது மயில் கேற் வீடெல்லோ?"

"ஓம், எங்கடை ஒழுங்கைக்குள்ள இருக்கிற வீடுதான்."

"அண்ணைக்குக் கான்சரோ? ஒருத்தரும் சொல்லேல்லையே!"

விலை விசாரித்தவர் ஒரே ஒருவர். அவரும் அவசரமென்றால் எவ்வளவு குறைப்பீர்கள் என்றுதான் கேட்டார்.

மூன்றாம் நாள் வீட்டுக்காரி அலுவலகத்துக்கு வந்தார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"உங்கடை கதை நல்லாய் ஓடிச்சுதாம், தம்பி. கனடாவில இருக்கிற இவரின்ரை தமையன் இவருக்கு ஃபோன் எடுத்து, கான்சர் எண்டு ஏன்ரா மறைச்சனீ எண்டு அழுதவர். இவர் ஃபோனை வைச்சிட்டு என்னட்டைத் தேத்தண்ணி கேட்டார். குடிச்சு முடிச்சாப்பிறகு, 'அப்ப வீட்டை விக்கிறது ரவுனுக்குப் போறதுக்கில்லை, என்ன?' எண்டார்."

"நாங்கள் பேர் போடேல்லை, அன்ரி..."

"அவரின்ரை தமையனுக்கு இந்த வீட்டைத் தெரியாதோ?"

நான் முதலாளியிடமிருந்து கைபேசியை வாங்கி விளம்பரத்தை நீக்கினேன். மற்றவர்கள் பகிர்ந்ததை நீக்க எனக்கு வழியில்லை. அதையும் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

பின்னேரம் முதலாளி ஆலோசகருக்கு அழைப்பெடுத்துக் குறைபட்டார். இவ்வளவு பேர் பார்த்த பதிவை ஏன் நீக்கினீர்கள் என்று ஆலோசகர் கோபித்துக்கொண்டார். நாங்கள் நீக்குமுன்பே அதைப் படம்பிடித்து வைத்திருக்கிறார். இப்போது தன் வகுப்புகளில், வெற்றிபெற்ற விளம்பரத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறார்.

அதன்பின் நல்ல விலைக்கு ஒருவர் வந்தார், விளம்பரத்தைக் கண்டு அல்ல, தெரிந்த ஒருவர் சொல்லி. விற்பனை உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசும் தயாராக இருந்தார். கணவர் கையொப்பமிட மறுத்துவிட்டார். "நான் போனாப்பிறகு இவள் எங்கை இருக்கிறது?" என்று கேட்டாராம். அந்த அம்மா மன்றாடியும் பார்த்தார், சண்டை பிடித்தும் பார்த்தார்.

வீடு விற்கப்படவில்லை. கணவர் கொழும்புக்குப் போகவில்லை. இங்கேயே மருந்தெடுக்கிறார், மெலிந்துகொண்டு வருகிறார். எங்கள் பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.