தைப்பூசத்துக்குப் போன லிடிகள்

1. தட்டியதும் ஒடிந்தது

ஸ்போக் கம்பியைப் பினாங்குப் பட்டறைகளில் லிடி என்றுதான் சொல்வோம். பழைய சக்கரம் கைக்கு வந்தால் ஸ்பேனர் முனையால் ஒவ்வொரு லிடியாகத் தட்டிப் பார்க்க வேண்டும். இறுக்கமான லிடி கிண்ணென்று பேசும், தளர்ந்தது பேசாது. கிராணியாரின் மோட்டார் சைக்கிள் லாரியில் வந்து இறங்கிய அன்று நான் தட்டிய முதல் லிடி ஒடிந்து என் செருப்பின் மேலேயே விழுந்தது. அடுத்ததும் அப்படியே.

எண்பதுகளில் நடந்த சங்கதி இது. டத்தோ கிராமாட் சாலையில் என் பட்டறை. கிராணியார் அரசாங்க ஆபீசில் தலைமைக் கிளார்க், யாழ்ப்பாணத்துக் குடும்பம். சட்டையில் மடிப்புக் கலையாமல் வீடு திரும்புகிற மனிதர். வண்டி ஐம்பதுகளில் வந்த இங்கிலீஷ் வண்டி. அவருடைய அண்ணன் பினாங்கில் வேலை பார்த்தபோது ஓட்டியது. அண்ணன் கல்யாணத்துக்காக யாழ்ப்பாணம் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். வண்டியைத் தம்பியிடம் விட்டுப் போனார், தம்பி அதைச் சாக்கடைப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். சுவரை ஒட்டியிருந்த பக்கம் முழுக்கத் துரு.

"சார், இதைக் கொண்டு வந்ததுக்குப் பழைய இரும்புக்காரன்கிட்டயே குடுத்திருக்கலாம்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் சிரிக்கவில்லை. "மணியம், அண்ணன் அங்க சண்டையில மாட்டிக்கிட்டாரு. ரொம்ப நாளா ஒரு தகவலும் இல்ல. போன வாரம் மெட்ராஸ்ல இருந்து போன் பண்ணாரு. நான் ஹலோ சொன்னதும் அவர் கேட்ட மொதல் கேள்வி, 'என்ர மோட்டச்சைக்கிள் இருக்குதோ?' நான் வாய் தவறி, 'நல்லா ஓடுது'ன்னுட்டேன். லைன் கட் ஆயிடுச்சு. தைப்பூசம் முடிஞ்சு வராருன்னு அப்புறம் தந்தி வந்துச்சு. பொய்யாயிடக் கூடாது லா."

உயிர் தப்பி வருகிற அண்ணனின் முகத்துக்கு நேரே பொய்யனாக நிற்க வேண்டுமே என்ற பயம் அவருக்கு. பாவம் என்று நினைத்தேன், ஒத்துக்கொண்டேன்.

2. ரோப் வாக்கில் கிடைத்த பதில்

என்ஜின் அவ்வளவு மோசமில்லை. கார்புரேட்டர், மேக்னெட்டோ எல்லாம் சொன்னபடி கேட்டன. படுத்தியது பின் சக்கரம்தான். சுவரோரம் இருந்த பிரேக் டிரம் பக்கத்து லிடிகள் குட்டை, மறுபக்கம் நீளம். நீள லிடிகள் தப்பித்துவிட்டன, குட்டை லிடிகள் ஒன்றுகூடத் தேறவில்லை. ஜப்பான் வண்டி லிடி போடலாமே என்று கேட்பீர்கள். அது மெலிசு. இங்கிலீஷ் வண்டியின் சக்கரக் குடத்து ஓட்டையில் கோத்தால் லொடலொடவென்று ஆடும். அப்படிக் கோத்த சக்கரத்தில் ஒருவரை உட்கார வைத்து அனுப்புவது கொலைக்குச் சமம்.

கடல் தாண்டிப் பட்டர்வொர்த் வரை அலைந்தேன். பிறகுதான் ரோப் வாக் தெருவில் பழைய சாமான் விற்கும் ஆ செங் ஞாபகத்துக்கு வந்தார். இந்த வண்டிக் கம்பெனியின் நீள லிடி ஒரு பெட்டி, கிரீஸ் காகிதம் பிரிக்காமல் அவர் கடையில் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். நீளமாக இருந்தால் என்ன, நுனியை வெட்டி மரை போட்டால் குட்டை லிடி. ஓடினேன்.

ஆ செங் அரைகுறைத் தமிழில் கையை விரித்தார். "அது இல்ல லா, தம்பி. உங்க ஆளு வாங்கிப் போயிட்டான். காவடிக்கு. ஒடம்புல குத்துற கம்பி."

"லிடியையா?"

"நல்ல இரும்பு லா! துரு வராது, வளையாது. அவன் ரொம்ப சந்தோஷம்."

அங்கேயே ஒரு பழைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருஷமோ பெட்டிக்குள் கிடந்த சாமான், எனக்கு வேண்டிய நேரம் பார்த்து முருகனுக்குப் போயிருக்கிறது. யாரைத் திட்டுவது?

3. தண்ணீர்மலைக்குப் போகும் வழியில்

காவடி கட்டுகிற முனியாண்டியைத் தேடிப் பிடித்தேன். மனிதர் பெருமையாக ஒரு லிடியை எடுத்துக் காட்டினார். வளைந்த தலை அப்படியே இருந்தது, காவடி வளையத்தில் மாட்டுவதற்கு. மரை இருந்த நுனியை ஊசி போலத் தீட்டிவிட்டார். வண்டிக்கு வேண்டும், எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"எல்லாம் ஒரே ஆளுக்குப் பேசியாச்சு அண்ணே. பூசம் முடியட்டும், அப்புறம் பாப்போம்" என்றார்.

பூசத்தன்று காலையிலேயே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் போய் நின்றேன். மேளம் காதைப் பிளந்தது. முனியாண்டியின் ஆட்கள் காவடியைத் தூக்கி ஒருவர் தோளில் இறக்கி, கம்பிகளை நெஞ்சிலும் முதுகிலும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் கண் கம்பிகள் மேலேயே இருந்தது. எது வளைகிறது, எது நேராக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தவன், கடைசியில் முகத்தைப் பார்த்தேன்.

விபூதி பூசிய முகம். மூக்குக் கண்ணாடி இல்லை. கிராணியார்!

காவடி என்றாலே, 'அதெல்லாம் நம்ம வீட்டுப் பழக்கம் இல்ல' என்று இங்கிலீஷில் முடித்துவிடும் மனிதர் வெறும் மேலோடு நிற்கிறார். அவர் சக்கரத்துக்காக நான் ஊரெல்லாம் தேடிய லிடிகள் அவர் நெஞ்சிலேயே இருக்கின்றன. கூடவே மலை ஏறினேன்.

மேலே கம்பிகளை உருவி விபூதி வைத்தார்கள். சொட்டு ரத்தம் இல்லை. அவர் தண்ணீர் குடித்து நிதானத்துக்கு வந்த பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார்.

"இதா? இதுவா நீ தேடினது?" என்று கேட்டுவிட்டு, "அண்ணன் குரலைக் கேட்டா காவடி எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன் மணியம். ஆபீஸ்ல தெரிஞ்சா சிரிப்பானுங்கன்னு யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

முனியாண்டி கம்பியைத் தர மறுத்தார். "நேர்த்திக் கம்பிய வண்டில மாட்டி ரோட்டுல ஓட்டுவீங்களா? சேறும் சாணியும் படுமே!"

"அண்ணனுக்காகக் குத்தின கம்பி. அண்ணன்கிட்டயே போகட்டும்" என்றார் கிராணியார். முனியாண்டி கம்பிகளை ஒரு துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

லிடிகளைக் கொதிநீரில் போட்டேன், பிறகு மஞ்சள் நீரிலும் போட்டேன். டாக்டரும் சாமியும் என்னைக் குறை சொல்ல முடியாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டூல் ரூமில் இருந்த சிநேகிதன் தீட்டிய நுனிகளை வெட்டி மரை உருட்டிக் கொடுத்தான். அளவு கச்சிதம். சக்கரத்தைக் கோத்து, கோட்டம் எடுத்து, தட்டிப் பார்த்தேன். எல்லா லிடியும் ஒரே குரலில் பேசியது.

4. அண்ணன் வந்தார்

வண்டியைக் கிராணியார் வீட்டு வாசலில் துடைத்து நிறுத்தியிருந்தோம். அண்ணன் வந்ததும் உதைத்துக் காட்ட வேண்டும் என்று என்னையும் நிற்க வைத்திருந்தார். உள்ளே அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஓர் அறை தயாராக இருந்தது, புதுப் படுக்கை விரிப்போடு.

டாக்சி வந்தது. கம்பி போல மெலிந்த ஒருவர் ஒரு பையோடு இறங்கினார். கிராணியார் அவரைக் கட்டிக்கொண்டார். உடனே டாக்சிக்குள் எட்டிப் பார்த்தார். டிரைவர் மட்டும்தான் இருந்தான்.

"அண்ணை, அண்ணி பிறகு வாறாவோ?"

அண்ணன் பையைத் தோளில் மாட்டினார். வண்டியைக் கடந்து நடந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிராணியார் பின்னாலேயே ஓடினார். "உங்கட மோட்டச்சைக்கிள் அண்ணை. போனில முதல் அதைத்தானே கேட்டீங்கள்?" என்றார்.

அண்ணன் நின்றார்.

"நீ அவளைப் பற்றிக் கேட்டிடுவாய் எண்டு பயமாயிருந்தது. அதுதான் நான் முந்தி மோட்டச்சைக்கிளைக் கேட்டனான்."

அத்தனை கம்பிகளையும் முகம் சுளிக்காமல் தாங்கிய கிராணியார், வாசல் சிமெண்டில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வண்டியை உதைக்கவில்லை, சொல்லாமல் வந்துவிட்டேன்.

பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு லிடி தட்டும் வித்தையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதோடு இதையும் சொல்வேன். துருப்பிடித்த வண்டியைக் கொண்டு வந்து, எப்படியாவது ஓட வேண்டும் என்று ஒருவர் அவசரப்பட்டால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு காப்பி வாங்கிக் கொடுங்கள். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேளுங்கள். பதில் வரும்வரை சும்மா இருங்கள்.