விலைப்பலகையில் ஒரு வள்ளம்

மாப்பிள்ளையூரணியில் தங்கதுரை பலசரக்குக் கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். மேல் பாதியில் விலைவாசி: கருப்பட்டி, தேங்காய், உளுந்து. கீழ்ப் பாதி வருசம் முழுக்கக் காலியாகக் கிடந்து, டிசம்பர் கடைசி நாளில் நிறையும். அந்த வருசம் தங்கதுரைக்குப் பிடித்த ஐந்து வீடியோ கேம்களின் பெயர் அங்கே ஏறும். உளுந்துக்கு அடியில் வீடியோ கேமா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நடுவர் சுத்தமானவர். நாற்பது வயது, முன்வழுக்கை, காதில் பேனா, யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதவர்.

ஆரம்பித்து வைத்தது ஜிஎஸ்டிதான். பில் போட்டே ஆகவேண்டும் என்று ஆடிட்டர் சொல்ல, தங்கதுரை ஒரு பழைய லேப்டாப் வாங்கினார். பில் போட்டது போக மீதி நேரம் அது சும்மா கிடப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பெரிய கம்பெனிகளின் துப்பாக்கி கேம்களைத் திறந்தால் லேப்டாப் குக்கர் மாதிரி விசில் அடித்தது. ஒழுங்காக ஓடியவை இண்டி கேம்கள் மட்டும்தான்: எங்கோ ஓர் ஊரில் ஒருத்தரோ ரெண்டு பேரோ உட்கார்ந்து தாங்களே செய்து தாங்களே விற்கிற சின்ன விளையாட்டுகள். அது அவருக்கு உடனே பிடித்துப்போயிற்று. அவருடையதும் ரெண்டே பேர் நடத்துகிற கடைதானே.

ரெண்டாவது ஆள் அவர் மனைவி இசக்கிசெல்வி. சாத்தான்குளத்துத் தானியக் கடைக்காரர் மகள். எதை எண்ணினாலும் 'ஒண்ணு' என்று ஆரம்பிக்க மாட்டாள். 'லாபம், ரெண்டு, மூணு' என்றுதான் எண்ணுவாள். படியால் அளந்த காலத்தில் வியாபாரிகள் முதல் படியை அப்படித்தான் சொல்வார்கள். இப்போது எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. ஆனாலும் முட்டைக்கு லாபம், தேங்காய்க்கு லாபம், வீட்டில் தோசைக்கும் லாபம். கேம் பற்றி அவள் சொல்வது ஒன்றே ஒன்று: மற்ற வீட்டில் பிள்ளைகளிடமிருந்து பிடுங்குவார்கள், அவளுக்கு மட்டும் புருசனிடமிருந்து பிடுங்க வேண்டியிருக்கிறது.

பலகையைப் பார்த்து நிஜமாகவே கேம் வாங்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர். எதிர்க்கடையில் மொபைல் சர்வீஸ் பார்க்கும் ரெக்ஸ், சாகுபுரத்துத் தொழிற்சாலை லேபில் வேலை பார்க்கும் பெர்சி, துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரைவர்கள் சிலர். மற்றவர்களுக்கு எல்லாமே விலைதான். போன வருசம் நாலாம் இடத்தில் 'தேன் திருடி' என்று எழுதியிருந்தார், கரடிக்குட்டி விளையாட்டு. உப்பளத்து வேலைக்குப் போகிற ஒரு அம்மா வந்து, தேன் நாலு ரூபாய்தானா, சுத்தமானதுதானா என்று விசாரித்தாள். தங்கதுரை கால் மணி நேரம் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு சோப்பு வாங்கிப் போனாள்.

பலகைக்கு ஒரே சட்டம்: முடிக்காத கேம் ஏறாது. அரிசியை வாயில் போட்டுப் பார்க்காமல் விற்கலாமா என்பார்.

இந்த வருசம் அந்தச் சட்டமே அவர் கழுத்தைப் பிடித்தது. முதல் இடத்துக்கு அவர் மனசில் இருந்தது 'ஒரே வள்ளம்'. பனி கொட்டுகிற தேசத்தில் அக்கா தங்கச்சி ரெண்டு பேர் செய்தது. ஒரு வள்ளம், முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர், ஆளுக்கு ஒரு துடுப்பு. எரிகிற விளக்கு ஒன்றை அணையாமல் தீவுக்குக் கொண்டு சேர்க்கவேண்டும். பாறையில் இடித்தால் விளக்கு அணைந்துவிடும், முதலிலிருந்து வரவேண்டும். ஒரே கீபோர்டில் ரெண்டு பேர் ஆடவேண்டிய கேம் அது.

கார்த்திகை மாதத்திலிருந்து ரெண்டு கையாலும் தனியாகவே ஆடிப் பார்த்தார். இடது கை சொன்னதை வலது கை கேட்கவில்லை. ரெக்ஸைக் கூப்பிட்டார். அவன் மூன்று மத்தியானம் வந்து, வேண்டுமென்றே பின்னோக்கித் துடுப்புப் போட்டு, விளக்கு அணையும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தான். நாலாம் நாள் அவன் கையில் ஒரு கடலைமிட்டாயைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கடைசி நாள் வந்தது. ரெண்டரை மணிக்குத் தெரு வெறிச்சென்றிருந்தபோது தங்கதுரை ரெண்டிலிருந்து ஐந்துவரை எழுதினார். முதல் இடத்தை எண்கூடப் போடாமல் காலியாக விட்டு, சாக்பீஸோடு அப்படியே நின்றார். ஐந்து மணிக்குத் தொழிற்சாலை பஸ் வரும். முதல் இடம் எதுவோ அதை வாங்கிக்கொண்டு, புது வருசத்துக்கு நாசரேத்தில் அக்கா வீட்டுக்குப் போவதாகப் பெர்சி சொல்லியிருந்தாள்.

"அந்த எடத்த வேற எதுக்காவது குடுத்துட்டுப் போவ வேண்டியதான" என்றாள் இசக்கிசெல்வி.

"வேற எதும் அங்கன இருக்கப்பிடாது ளா."

ஏன் என்று அவர் சொல்லவில்லை. அந்த வள்ளத்தில் இருக்கிற ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவே மாட்டார்கள். துடுப்புச் சத்தத்தை வைத்துத்தான், மற்றவர் இருக்கிறார் என்று தெரியும். பதினைந்து வருசமாக இவள் தராசடியில், அவர் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில். இதையெல்லாம் கடையில் நின்று ஒரு மனுசன் சொல்லமுடியுமா?

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கன அமுக்கணும்?"

நாலு தடவை விளக்கு அணைந்தது. அவள் இவரைக் குற்றம் சொன்னாள், இவர் கீபோர்டைக் குற்றம் சொன்னார். நடுவில் கடுகு வாங்க ஒருத்தர் வந்தார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடியும் பாறையில் இடித்தார்கள்.

"மூட்டைய எறக்குத மாதிரில்லா அமுக்குதீங்க. மெதுவா."

"நீ முந்திக்கிட்டுப் போனா நான் என்ன செய்ய?"

ஐந்தாவது தடவை அவள் சண்டையை விட்டாள். பற்களுக்கு நடுவே, தேங்காய் எண்ணுகிற அதே ராகத்தில், தனக்கே தெரியாமல் ஆரம்பித்தாள்.

"லாபம்... ரெண்டு. லாபம்... ரெண்டு."

லாபத்துக்கு அவர் அமுக்கினார், ரெண்டுக்கு அவள். வள்ளம் நிமிர்ந்தது. முதல் பாறை போயிற்று, அடுத்ததும் போயிற்று. எதிர்க்கடையிலிருந்து வம்புக்கு வந்த ரெக்ஸ், திரையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றான். அவன் வாழ்க்கையில் அது ஒரு சாதனை. லாபம், ரெண்டு என்று தீவு பக்கத்தில் வந்தது. வள்ளம் மணலில் ஏறியது. பின்னால் இருந்தவர் எழுந்து விளக்கைத் தூக்கிப் பிடிக்க, முன்னால் இருந்தவள் முதல்தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், கேம் முடிந்தது.

தங்கதுரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு ஒரு மூக்குத்தி போட்டிருக்கலாம்" என்றாள் இசக்கிசெல்வி. எழுந்துபோய், அவர் வைத்துவிட்டு வந்த சாக்பீஸை எடுத்து, விட்டிருந்த இடத்தில் அவளே எழுதினாள்: 'லாபம். ஒரே வள்ளம்.' அதற்குக் கீழே 2, 3, 4, 5.

ஐந்து மணி பஸ்ஸில் இறங்கிய பெர்சி பலகையைப் படித்துவிட்டு, ஒன்றைக் காணோமே அக்கா என்றாள். ஒண்ணு சொல்லுத பழக்கம் இல்லை என்று பதில் வந்தது. கூட ஆட ஒரு ஆள் வேணும், நாசரேத்து அக்காவையும் உட்காரவை என்று தங்கதுரை அவளிடம் சொல்லி அனுப்பினார்.

புது வருசத்தன்று காலையில் ஒரு லாரி டிரைவர் கடை வாசலில் நின்று பலகையை உற்றுப் பார்த்தார். அண்ணாச்சி வள்ளம் வாங்கிவிட்டாரா, அதற்குள் லாபமே வந்துவிட்டதா என்று கேட்டார். தங்கதுரை சந்தோசமாக விளக்க ஆரம்பித்தார். ஒரு காதை அங்கே வைத்திருந்ததில் இசக்கிசெல்விக்கு முட்டைக் கணக்குத் தவறிப்போனது. கோபப்படாமல், மறுபடியும் லாபத்திலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.