திருநீறு போட்டுத் துலக்கிய பதக்கம்

சென்ற வாரம் ஈஸ்ட் ஹாமில் கறிவேப்பிலை வாங்கப் போன கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் திருநீற்றுப் பொட்டலங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து முகர்ந்தேன். என் வயதில் ஒருவனுக்குப் பக்தி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சோவியத் பீரங்கிப் படை.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

லண்டனுக்கு வந்த புதிதில் இதே வட்டாரத்தில், புஷ்பம் அக்கா வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட். 'பம்ப் நம்பர் ஃபோர்' என்பதை எந்தச் சீமாட்டியும் மெச்சும்படி உச்சரிப்பேன். அதற்கு வெளியே என் ஆங்கிலம் அதிகம் நடமாடுவதில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

அக்கா யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து கூரை போன வீட்டிலிருந்து பிள்ளைகளோடு வந்தவர். தெருவில் யாராவது குப்பைத்தொட்டி மூடியைப் படாரென்று போட்டால் போதும், அவர் உதடு தானாக எண்ணத் தொடங்கும். ஊரில் பீரங்கி சுடும் குத்துச் சத்தம் கேட்டால், ஷெல் வந்து விழுவதற்குள் எதுவரை எண்ணலாம் என்று அவருக்குத் தெரியும். அதற்குள் பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட வேண்டும். லண்டனில் எண்ணி முடித்த பிறகும் எதுவும் விழாது. அதை நம்ப அக்காவுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

பக்கத்து வீட்டில் பாவெல் என்றொரு கிழவர், தனியாள். எப்படி லண்டன் வந்தார் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறொரு கப்பலைச் சொல்வார். அக்கா வேலிக்கு மேலால் புட்டுக் கொடுப்பார். அவர் அதில் ஜாம் பூசிச் சாப்பிடுவார். அக்கா பார்க்காத மாதிரி இருந்துகொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா பின்முற்றத்தில் இருந்து தன் வெள்ளிக் குங்குமச் சிமிழைத் திருநீறு போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். அது மினுங்குவதைக் கண்ட பாவெல், பிஸ்கட் டின் ஒன்றோடு எங்கள் பக்கம் வந்தார். உள்ளே கறுத்துப்போன இரண்டு வெள்ளிப் பதக்கங்கள். இரண்டும் இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையில் காட்டிய துணிச்சலுக்காம். ஞாயிற்றுக்கிழமை பழைய போர்வீரர்கள் நினைவுச்சின்னத்தடியில் கூடுகிறார்கள். தந்த நாடுதான் கலைந்துவிட்டது, பதக்கமாவது மினுங்கட்டும் என்றார்.

"கொண்டாங்கோ ஐயா" என்று அக்கா வாங்கிக்கொண்டார். திருநீற்றை விரலில் தொட்டபடி, "என்ன செய்தவராம்? கேள் தம்பி."

கேட்டேன். பீரங்கிப் படையின் வேவுக்காரராம். எதிரிக்குக் கிட்டப் போய்க் கிடந்து பார்ப்பவராம். புத்தியுள்ளவன் அதோடு நிறுத்தியிருப்பான். நான் மொழிபெயர்ப்பாளன் அல்லவா?

"ஷெல் எங்க விழவேணும் எண்டு சொல்லுறவராம், அக்கா."

அக்காவின் விரல் நின்றது. பதக்கங்களை டின்னுக்குள் வைத்து மூடினார். "குடுத்துவிடு. என்னால ஏலாது." கை கழுவக் குசினிக்குள் போய்விட்டார்.

பாவெல் என்னைப் பார்த்தார். கூரை போன கதையை என் பெட்ரோல் ஸ்டேஷன் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பின்படியில் உட்கார்ந்தார். டின்னைத் திறந்து ஒரு பதக்கத்தை எடுத்து வைத்தார். அது, தங்கள் ஆட்களை அடித்துக்கொண்டிருந்த எதிரிப் பீரங்கி எங்கே நிற்கிறது என்று சேற்றில் கிடந்து காதால் கேட்டுக் கண்டுபிடித்ததற்கு. மற்றதை எடுத்தார். அது, ஒரு வீட்டை அடிக்கச் சொல்லி இடம் குறித்துக் கொடுத்ததற்கு. உள்ளே யார் இருந்தார்கள் என்பது இன்றுவரை தெரியாதாம்.

எப்படிக் கேட்பது என்று எனக்குக் காட்டுவதற்காக டின் மூடியில் ஒரு குத்துக் குத்திவிட்டு, உதட்டுக்குள் எண்ணினார். நிமிர்ந்து பார்த்தால், குசினி ஜன்னலுக்குள் அக்காவின் உதடும் எண்ணிக்கொண்டிருந்தது. பாவெலும் அதைக் கண்டுவிட்டார். அக்காவும் வேவுப்படையா என்று கேட்டார். மொழிபெயர்த்தேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார். "ஓம், நானும்தான். பிள்ளையளைக் கட்டிலுக்குக் கீழ தள்ளின படை. எனக்கு ஆர் மெடல் தந்தவை?"

நான் சொல்லி முடித்ததும் பாவெல் எழுந்து, முழங்கால் நெட்டி முறிய நிமிர்ந்து நின்று, மேலதிகாரிக்கு வைப்பதுபோல அக்காவுக்கு ஒரு சல்யூட் வைத்தார். காலில் ரப்பர்ச் செருப்பு. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போதும், போதும். மனுசனை இருக்கச் சொல்லு." டின்னை இழுத்து முதல் பதக்கத்தை எடுத்தார். "இதை மினுக்கித் தாறன். மற்றதைத் தொடமாட்டன் எண்டும் சொல்லு."

சொன்னேன். பாவெல் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோட்டில் ஒரு பதக்கம் கண்ணைக் கூச வைத்தது. மற்றது சட்டியின் அடி மாதிரி இருந்தது. அதை அவரே துலக்கியிருக்கலாம், கடையில் பாலிஷ் விற்கிறதே. அவர் துலக்கவில்லை. அக்கா வாசலில் நின்று அவர் கொலரைச் சரிசெய்து, இடியப்பப் பார்சல் ஒன்றும் கொடுத்து அனுப்பினார். ஜாம் போத்தலையும் மறக்கவில்லை.

பாவெல் போய் வெகுகாலம். வேலி இருந்த இடத்தில் யாரோ கார் நிறுத்துகிறார்கள். பெட்ரோல் ஸ்டேஷன் அடுக்குமாடியாகிவிட்டது. பம்ப் நம்பர் ஃபோர் இப்போது யாருடைய படுக்கையறையோ. அக்கா ரெய்னர்ஸ் லேனில் மகளோடு இருக்கிறார்.

போன தீபாவளிக்கு அங்கே போயிருந்தேன். வெளியே பெரிய வெடியொன்று அதிர்ந்தது. பேரப்பிள்ளைகள் "அம்மம்மா, லுக்!" என்று கத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்கள். நான் பழைய பழக்கத்தில் அக்காவின் உதட்டைப் பார்த்தேன். அது அசையவில்லை.

"என்னடா என்ர வாயைப் பாக்கிறாய்?" என்றார் அக்கா. "தேத்தண்ணி ஆறுது, குடி."